குரலம்மா மேஜைக்கு ஒரு கேபினட்

தண்ணீரையும் கரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைக்கப் போகிறேன் என்று என் சின்ன மகள் சொன்னபோது, இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவும் செய்தேன். எதையும் மனதில் வைத்துப் பூட்டுகிற ஆள் நான் இல்லை.

"நாப்பது வருஷம் நீங்க என்னப்பா பண்ணீங்க? லாரி இன்ஜினைச் சுத்தித் தண்ணி ஓடலையா?" என்றாள்.

"லாரி புகைஞ்சா ரோட்டோரம் தள்ளி நிறுத்திடலாம்டி. இது புகைஞ்சா உன் பேருல்ல புகையும்?"

"புகையாது. பாருங்க."

பார்க்கத்தான் போகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

நான் ரேடியேட்டர் வேலைக்காரன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் முன்பக்கம் இருக்குமே, இன்ஜின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் சல்லடை, அதை அடைப்பெடுத்து, ஈயம் வைத்து, ஓட்டை அடைத்துப் பிழைத்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதனாலோ என்னவோ, அச்சடித்த எதையும் நம்ப மாட்டேன். 'ஒழுகாது' என்று அட்டையில் அச்சடித்து வந்த எத்தனையோ சாமான்கள் என் மடியிலேயே ஒழுகியிருக்கின்றன.

சின்னவள் வேறு மாதிரி. கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனி ஒன்றில் ஏழு வருடம் வேலை பார்த்தாள். பழுது பார்க்கத்தான் விடுவார்கள். புதிதாக ஒன்றைக் கட்ட விடமாட்டார்கள். 'அதுக்கெல்லாம் வேற ஆளு இருக்கு' என்பார்களாம். ஒருநாள் வேலையை உதறிவிட்டு வந்து, எங்கள் முன்னறையில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதம் பழுது பார்க்கும் வேலைதான் வந்தது. அப்புறம்தான் குரலம்மா வந்தார்.

குரலம்மா என்பது நான் வைத்த பெயர். அந்த அம்மாள் வீட்டில் உட்கார்ந்து புத்தகங்களை வாய்விட்டுப் படிப்பார். அதைப் பதிந்து, கேட்கிற புத்தகமாக ஒரு கம்பெனி விற்கிறது. எதிர்த்தெருவில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு. குளியலறை அளவுக்கு ஓர் அறை. சுவர் முழுக்க பஞ்சு மெத்தை போல் ஒட்டி வைத்திருக்கிறார். அங்கே உட்கார்ந்து பேசினால் நம் குரலே நமக்கு அந்நியமாகக் கேட்கும்.

சிக்கல் என்னவென்றால், அவருடைய கம்ப்யூட்டர் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும், அப்புறம் சூடேறி, உள்ளே இருக்கும் ஃபேன் விமானம் மாதிரி கிளம்பிவிடும். குரலைப் பதிகிறதும், பதியப் பதிய அதைச் சுத்தம் பண்ணுகிறதும் அந்த ஒரே பெட்டிதானாம். சூடாகாமல் என்ன செய்யும்? பெட்டியை வெளியே வைத்து ஓட்டை போட்டு ஒயரை இழுக்கலாம் என்றால் வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். பெரிய கடை ஒன்றில் சொல்லி இரண்டு தடவை பெட்டியை மாற்றியும் பார்த்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. கம்பெனிக்காரர்கள் கெடு வைத்துவிட்டார்கள்: மாத முதல் தேதி சவுண்டு இன்ஜினியர் நேரில் வருவார், அவர் எதிரில் ஒரு மணி நேரம் இரைச்சல் இல்லாமல் படித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு குரலுக்குப் போய்விடும்.

"நான் கட்டித் தர்றேன்" என்று சின்னவள் சொல்லிவிட்டாள். அவள் வாழ்க்கையில் முதன்முதலாகக் கட்டப்போகும் முழு கம்ப்யூட்டர். இது தேறினால் ஆளாகிவிடுவாள். தேறாவிட்டால் திரும்பப் போய் அதே சர்வீஸ் கம்பெனியின் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

விஷயத்தை எனக்கு விளங்க வைத்தாள். ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் சத்தம். மெதுவாகச் சுற்ற வேண்டுமானால் சூட்டைத் தண்ணீர் எடுத்துப்போக வேண்டும், அது ஆறுகிற ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும். ஒன்று போதாது, இரண்டு. அந்த இரண்டையும், பம்பையும், தண்ணீர்த் தொட்டியையும் கொள்ளும்படி ஒரு கேபினட் வேண்டும். இந்தத் தகரக் கூடுதான் கேபினட். அது குரலம்மாவின் மேஜைக்கு அடியில் போக வேண்டும்.

அங்கேதான் இடிக்கிறது. அந்த மேஜை புதிதாகச் செய்தது. சின்னவள் முன்பு போய்ப் பார்த்தபோது அது இல்லை. மேஜைப் பலகைக்குக் கீழே இன்னொரு பலகையைத் தச்சர் அடித்து வைத்திருக்கிறார். அதில் மைக் சாமான்கள் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பலகைக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் உயரம். அகலத்துக்குப் பஞ்சமில்லை, மேஜை சுவர் முழுக்க ஓடுகிறது. எவ்வளவு உயரம் என்று குரலம்மாவைப் போனில் கேட்டதற்கு, "முழங்கால் அளவு இருக்கும்மா" என்றாராம்.

"யாரோட முழங்கால்?" என்றேன். "நான் போய் அளந்துட்டு வர்றேன்."

என் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். என் அளவெடுப்பு பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். டேப்பின் நுனியில் ஒரு கொக்கி இருக்கும். எந்த டேப்பானாலும் கொஞ்ச நாளில் அந்தக் கொக்கி ஆடும். ஆடுகிற கொக்கியை நம்பி நான் ஒரு நாளும் அளந்ததில்லை. பத்து சென்டிக் கோட்டை விளிம்பில் வைத்து அங்கிருந்துதான் அளப்பேன். டேப் காட்டுவதில் பத்தைக் கழித்தால் நிஜ அளவு. பட்டறையில் நான் கழித்துச் சொன்னதே இல்லை. டேப் காட்டுவதை அப்படியே கத்துவேன், கேட்கிறவன் கழித்துக்கொள்வான். எல்லாருக்கும் பழக்கம்.

அன்றைக்கு டேப் அறுபத்திரண்டு காட்டியது. நுணுக்கமான வேலை, பிள்ளையைக் குழப்பக் கூடாது என்று நானே பத்தைக் கழித்தேன். அங்கிருந்தே போன் போட்டு, "ஐம்பத்திரண்டு" என்றேன்.

"சரியாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தரம் பாத்தேன். ஐம்பத்திரண்டு."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரன் எப்படியாவது அவள் தலையில் ஏதாவது கட்டிவிடுவான் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். பெரிய கடை. சுவர் முழுக்கக் கேபினட்டுகள் மீன்தொட்டி மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் கலர் விளக்கு. கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். வாயைத் திறந்தால் மூட ஆள் வேண்டும்.

"தண்ணி ஓடற கம்ப்யூட்டரா மேடம்? அப்போ இதுதான். முன்னாடி கண்ணாடி, பக்கவாட்டுல கண்ணாடி. டியூபெல்லாம் அப்படியே தெரியும். பாக்கறவங்க அசந்துடுவாங்க."

நான் முன்கண்ணாடியை விரலால் தட்டினேன். "ரேடியேட்டரை எங்க வைப்பே?"

"இதுக்குப் பின்னாடிதான் பெரியவரே."

"காத்து?"

"ஓரத்துல இடுக்கு இருக்கே."

"லாரி முன்னாடி கதவைச் சாத்திட்டு ஓட்டுவியாப்பா நீ?"

அவர் சின்னவளைப் பார்த்துச் சிரித்தார், கிழவனை நீயே சமாளி என்பது போல. அவளோ கேபினட்டைச் சுற்றி வந்து, "அப்பா சொல்றது சரிதான். கண்ணாடி வேணாம், வலை முகப்பு இருக்கறதைக் காட்டுங்க" என்றாள்.

வலை முகப்பு வைத்தது ஒன்றைக் கொண்டுவந்தார். அது எனக்குப் பிடித்துவிட்டது. கனமான தகடு, விளிம்பெல்லாம் மடித்து அடித்திருந்தது, கையை வைத்தால் கிழிக்காது. முன்னால் ஒரு ரேடியேட்டர், மேலே ஒன்று, சொல்லி வைத்தது போல் உட்காரும். சின்னவள் அதைக் கண்ணால் விழுங்கினாள். அப்புறம் தன் டேப்பை எடுத்து உயரம் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"இது போகாது."

"ஏன் போகாது?" என்றேன்.

"உயரம்ப்பா."

எனக்கு அது போகும் போலத்தான் பட்டது. ஆனால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மேலே சூடு கிளம்ப இடம் விடப் பார்க்கிறாள், ரேடியேட்டர்காரன் பெற்றதல்லவா என்று நானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டேன். எல்லாரையும் குடைந்து கேட்கிற நான் அன்றைக்கு என் மகளைக் கேட்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்த ஒரே நாள் அது.

இன்னும் ஆறேழு பார்த்தாள். எல்லாவற்றுக்கும் டேப், எல்லாவற்றுக்கும் தலையாட்டல். கடைசியில் கடைக்காரர், "என்னதாம்மா உங்களுக்கு உயரம்?" என்று அவள் நோட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் சிரித்தார். சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"இந்த உயரத்துல ரெண்டு ரேடியேட்டரா? ஒண்ணே திணறும். யாராலயும் ஆகாது மேடம். சாதா ஃபேன் போட்டுக் கொடுத்துட்டுப் போங்க. அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?"

"அந்தம்மாவோட காது எனக்கும் உங்களுக்கும் இருக்கற மாதிரி காது இல்ல" என்றாள் சின்னவள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே அவள் கண் கடையின் பின்பக்கம் போனது. அங்கே, பொட்டலம் கட்டும் இடத்தில், அழுக்கேறிய ஒரு குட்டையான பெட்டி கிடந்தது. அதன்மேல் ஒரு மெத்தைத் துண்டு. கடைக்காரர் சாப்பிட்டுவிட்டு உட்காரும் ஆசனம் போலிருக்கிறது.

"அது என்னது?"

"அதுவா? அது விக்காத சரக்கு. குண்டு. அசிங்கமா இருக்குன்னு யாரும் தொடறதில்ல."

மெத்தையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பெட்டி உயரத்தில் குட்டை, அகலத்தில் தாராளம். நடுவே ஒரு தடுப்பு. சர்க்யூட் பலகைக்கு ஒரு பக்கம், கரண்ட் தரும் பெட்டிக்கு மறுபக்கம். முகப்பு முழுக்க வலை. அவள் தன் பையிலிருந்து ஒரு ரேடியேட்டரை எடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. சாமானையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்! அட்டையில் போட்ட அளவை நம்பவில்லை. ரேடியேட்டரின் ஓரத்தில் தண்ணீர் சேரும் தலை ஒன்று உண்டு. விற்கிறவன் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டான். அங்கேதான் எல்லாரும் ஏமாறுவார்கள். இதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. தானே தெரிந்து வைத்திருக்கிறாள்.

உள்ளே வைத்துப் பார்த்தாள். முகப்பில் ஒன்று நின்றது. இரண்டாவது வரும் அடிப்பக்கத்தில் அதையே வைத்தால் இரண்டு விரல் அளவுக்குத் தலை முட்டியது. முட்டுவது ஏதோ ஒரு தட்டு, நான்கு ரிவெட்டில் நிற்கிறது.

"இந்தத் தட்டைக் கழட்டிட்டா போகும்" என்றாள்.

"வெட்டுனா திருப்பி எடுத்துக்க மாட்டேன்" என்றார் கடைக்காரர்.

"உங்க ஆசனத்தை யாரு திருப்பித் தரப்போறா?" என்றேன் நான்.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் பழைய சாமான்காரன் என்று நினைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்து, "கடையில நல்லது எதுவும் இல்லையா? குப்பையிலேருந்து பொறுக்கிட்டு வந்தீங்களா?" என்றாள்.

அடுத்த மூன்று வாரம் அந்த முன்னறையில் நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்தாள். நான் எடுத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். எடுத்த இடத்தை அரம் போட்டு ராவினாள். அவள் சாப்பிடப் போன சமயம் நான் விரலை வைத்து விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறு கிடையாது. இரும்புத் தூள் ஒரு துணுக்கு சர்க்யூட் பலகையில் விழுந்தாலும் ஆபத்தாம். காந்தத்தைத் துணியில் சுற்றி மூலை மூலையாக ஒற்றி எடுத்திருந்தாள்.

அவளைத் தோற்கடிக்கிற மாதிரி நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

"ரேடியேட்டர் அலுமினியமா?"

"செம்பு."

"அந்தச் சூட்டை வாங்கற கட்டை?"

"அதுவும் செம்பு. முலாம் போட்டது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில கிடந்தா ஒண்ணை ஒண்ணு அரிச்சுடும், தெரியும்ப்பா."

தெரியும் என்கிறாள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு பஸ் இன்ஜின் பாழாக வேண்டியிருந்தது.

"தண்ணி ஊத்திட்டு ஒழுகிச்சுன்னா?"

"முதல்ல தண்ணி இல்ல. காத்து."

கைப்பம்பு ஒன்றை மாட்டி, குழாய்களுக்குள் காற்றை ஏற்றி, அதில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்க்கச் சொன்னாள். முள் அசையாமல் நின்றால் ஒழுக்கு இல்லை. பட்டறையில் நாங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிக் குமிழி பார்ப்போம். இங்கே முக்க முடியாது. முள்ளை நம்பாமல் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் முள் இறங்கியது.

"பாத்தியா! நான் சொல்லலை? ரேடியேட்டர்ல ஓட்டை."

அவள் டியூபை ஒவ்வோர் இடமாகக் கவ்வியால் நெரித்து, பாதியைப் பிரித்து, பாதிக்குப் பாதி என்று தேடிக்கொண்டே போனாள். முக்கால் மணி நேரம் கழித்து ஓர் இணைப்பைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே இருந்த ரப்பர் வளையம் நசுங்கியிருந்தது.

"ரேடியேட்டர் இல்ல. நான்தான் ஸ்பானர் போட்டு இறுக்கிட்டேன். கையால இறுக்கினாப் போதும்."

நான்தான் என்று சொன்னாள் பாருங்கள். அதை என் பட்டறையில் ஒருத்தன் வாயிலும் நான் கேட்டதில்லை. என் வாயிலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வளையத்தை மாற்றினாள். இந்த முறை முள் ஆணி அடித்தது போல் நின்றது. தண்ணீர் விட்டோம். உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் சாய்த்தோம். குமிழி ஒவ்வொன்றாக ஏறி வந்து தொட்டியில் உடைந்தது. அப்புறம் சத்தமே இல்லை. விற்காத, அசிங்கமான, குண்டுப் பெட்டிக்குள் இரண்டு ரேடியேட்டரும், பம்பும், தொட்டியும், வளைந்து வளைந்து போகும் டியூபும், ஒன்றை ஒன்று தொடாமல் உட்கார்ந்திருந்தன. தீப்பெட்டிக்குள் புடவையை மடித்து வைத்த மாதிரி. யாராலும் ஆகாது என்று சொன்னவரைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது.

முதல் தேதி காலையில் அதைக் குரலம்மா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மூன்று மாடி. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். குரலம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். சின்னவள் மண்டி போட்டு, "மெதுவாப்பா, மேல இடிச்சுடப் போகுது, ரெண்டு விரல்தான் இடம்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

இடிக்கவில்லை. இடிக்க என்ன இருக்கிறது? பெட்டிக்கு மேலே இரண்டு கை நுழைகிற அளவுக்கு வெற்றிடம்.

அவள் மண்டி போட்டபடியே அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அப்பா. எவ்வளவு சொன்னீங்க?"

"ஐம்பத்திரண்டு."

"அது டேப் காட்டினதுதானே?"

"இல்லையே. டேப் காட்டினது அறுபத்திரண்டு. பத்தைக் கழிச்சுட்டுத்தான் உனக்குச் சொன்னேன்."

"நானும் கழிச்சேன்" என்றாள்.

நான் குனிந்து அந்த வெற்றிடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன்.

"உங்க பட்டறை பெஞ்சுல உக்காந்துதானே வீட்டுப்பாடம் எழுதினேன்? நீங்க என்ன சொன்னாலும் பத்து கழிக்கணும்னு எனக்கு அப்பவே தெரியும். நாப்பத்திரண்டுன்னு எழுதி வச்சுக்கிட்டு கடை பூரா அலைஞ்சேன். நாப்பது வருஷமாக் கழிக்காத மனுஷன், இப்ப எதுக்குக் கழிச்சீங்க?"

"உன்னைக் குழப்ப வேணாம்னுதான்..."

"ஐயோ அப்பா!"

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடையில் பார்த்தோமே, வலை முகப்பு வைத்த அந்த நல்ல கேபினட், அது இங்கே சிரமமில்லாமல் நுழைந்திருக்கும். இரண்டு நாளில் வேலை முடிந்திருக்கும். ரிவெட்டு எடுத்ததும், ராவியதும், விரலில் பிளாஸ்திரி போட்டதும் எல்லாம் என் ஒரு வாய்ச்சொல்லால். அச்சடித்தவனை நம்பாதே, கடைக்காரனை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். தப்பு என் வாயிலிருந்து புறப்பட்டிருக்கிறது. மூக்கு உடைவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குரலம்மா ஒன்றும் புரியாமல், "இப்ப இது ஓடுமா ஓடாதாம்மா?" என்றார். பாவம், அவருக்கு அவர் கவலை.

"ஓடும்" என்றாள் சின்னவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை தெரியாது.

சொல்லி வைத்தது போல் சவுண்டு இன்ஜினியர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், காலில் செருப்புச் சத்தம்கூட இல்லை. வந்ததும் மேஜைக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"குட்டையான கேபினட்டாத் தேடி எடுத்து, மேல இவ்வளவு இடம் விட்டிருக்கீங்க. சூடு தேங்காது. நல்ல யோசனைங்க."

ஆமாம் சார் என்று சொல்லிவிடு, ஆமாம் என்று சொல்லிவிடு என்று நான் கண்ணால் அவளைக் குத்தினேன். நானாக இருந்தால் அவர் வாயை மூடுவதற்குள் சொல்லியிருப்பேன்.

"யோசனை இல்லைங்க" என்றாள் அவள். "அளவுல தப்பு. பத்து சென்டி ரெண்டு தடவை கழிஞ்சுபோச்சு. இதைவிட உயரமானதே வச்சிருக்கலாம். ஆனா உள்ள இருக்கற வேலை சரியான வேலை. அதை நீங்க சோதிச்சுப் பாருங்க."

அப்பா அளந்தார் என்று சொல்லவில்லை. இன்ஜினியர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதினார். போச்சு, தானே போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

எல்லாரும் அறைக்குள் நின்றோம். குரலம்மா மைக் முன் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. இன்ஜினியர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். உடனே முகத்தைச் சுளித்தார்.

"ஏதோ ஒரு இரைச்சல் இருக்கு. புஸ்... புஸ்னு."

சின்னவள் சட்டென்று குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். இன்ஜினியர் ஹெட்போனோடு மெல்ல அறையைச் சுற்றிப் பார்த்து, என் முன்னால் வந்து நின்றார்.

"பெரியவரே, உங்க மூச்சுங்க."

நாற்பது வருடம் ஈயப் புகையை உறிஞ்சிய நெஞ்சு, வேறு எப்படி இருக்கும்? என்னை வெளியே அனுப்பினார்கள். எனக்குத் துணையாகச் சின்னவளும் வந்துவிட்டாள். கதவு மூடியது. கதவுக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் பதிவு ஓடுகிறது என்று அர்த்தமாம்.

வெளியே இரண்டு நாற்காலி. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு பொட்டுச் சத்தம் வராது. எந்தப் பொருளையும் தொட்டுப் பார்க்காமல் நம்பியதில்லை நான். இப்போது ஒரு மூடிய கதவை நம்பி உட்கார வேண்டியிருந்தது. அரை மணி நேரம் ஆனது. பழைய பெட்டி இந்நேரம் கிளம்பிக் கத்தியிருக்கும்.

"கோவமாடி?" என்றேன்.

"இருந்துச்சு."

"இப்ப?"

"அந்த உசரமான கேபினட்ல கட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். யாரு வேணாலும் கட்டியிருப்பாங்க." கொஞ்ச நேரம் விரல் பிளாஸ்திரியைச் சுரண்டினாள். "இதை நான்தான் கட்டினேன்."

நாற்பத்தைந்து நிமிடம். ஐம்பது. ஒரு மணி நேரமும் தாண்டியது, விளக்கு அணையவில்லை. ஒரு மணி நேரம் பத்து நிமிடம். அவள் எழுந்து நின்றாள்.

"ஏதோ ஆயிடுச்சுப்பா. திரும்ப முதல்லேருந்து எடுக்கறாங்க போல."

கதவு அரைகுறையாகத் திறந்து இன்ஜினியர் மட்டும் நழுவி வெளியே வந்தார். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"ஒரு மணி நேரம் ஆயிடுச்சுன்னு சைகை காட்டினேன். அந்தம்மா நிறுத்த மாட்டேங்கறாங்க. இவ்வளவு நாளா அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் படிச்சாங்களாம், இன்னைக்கு அத்தியாயத்தை முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பாங்களாம்." குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "மேடம், எங்களுக்கு வீட்டுலேருந்து படிக்கறவங்க இன்னும் நாலு பேரு இருக்காங்க. எல்லாருக்கும் இதே தொல்லைதான். அந்தக் கேபினட் மாடல் எண்ணை எழுதி வச்சிருக்கேன். இதே மாதிரி, உள்ள இதே வேலையோட, அவங்களுக்கும் கட்டித் தருவீங்களா?"

சின்னவள் சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, இவங்க உங்க பொண்ணா?"

"ஆமா!" என்றேன்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் இரும்புச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. சின்னவள் பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். அப்போதுதான் பார்த்தேன், கதவு முழுசாகச் சாத்தியிருக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து குரலம்மாவின் குரல் வந்தது. "யாருய்யா அது நடுவுல ஆமா போடுறது? அந்தப் பக்கத்தை மறுபடியும் படிக்கணுமே!"

அன்றைக்கு அந்தப் பதிவில் விழுந்த ஒரே இரைச்சல் என்னுடையதுதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை.